காலாட்டினால் வீட்டுக்கு ஆகும்

1

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

என் மனைவி சாந்தி, நான் பேசுவது மட்டும் புரியாத மாதிரி நடிக்கிறாள் என்று நம்பினேன். முழுசாக நாலு மாதம் நம்பினேன். நடிப்புக்குக் காரணம் குணா என்றும் நம்பினேன். குணாவுக்கு முப்பத்தெட்டு வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். சனி, ஞாயிறு காலைகளில் இறுக்கமான மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்புத் திடலில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவன். வயிறு தட்டை. ஒரு மனிதன் மேல் சந்தேகப்பட இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

போதாததற்கு, அவன் சாந்தியை அக்கா என்றும் என்னை அண்ணே என்றும்தான் கூப்பிடுவான். அதுதான் என்னை அதிகமாகக் கலக்கியது. மனசில் ஒன்றும் இல்லாதவன் எதற்காக இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட வேண்டும்?

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு என் நிலவரம் மறந்திருக்கும். மன்னார்குடி கலியமூர்த்தி, ஈஜோக் வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம். வீட்டைச் சுற்றி செம்பனை. வேலை ரவாங்கில், ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் சாமான் கிடங்கில். சாந்தி இங்கேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எங்கள் ஊருக்கு வந்தாள். பந்தியில் நான் அடித்த ஒரு ஜோக்குக்குப் பாயசம் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டியவன் நான். வேறு சொத்து எதையும் கொண்டுவரவில்லை.

இந்த நாட்டில் எனக்கு இருப்பது ஒரு பாஸ். கணவன் என்கிற பாஸ். மனைவி இந்த நாட்டுக் குடிமகள், இவர் அவருடைய புருஷன், ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அரசாங்கம் பெருந்தன்மையாக ஒரு முத்திரை குத்தும். நிரந்தர வசிப்புக்கு எப்போதோ விண்ணப்பித்தேன். 'டாலாம் புரோசஸ்', அதாவது பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவில் எனக்குத் தலை நிறைய முடி. இப்போது அந்தப் போட்டோ பரிசீலனையில் இருக்கிறது, முடி பரிசீலனை முடிந்து போய்விட்டது.

பாஸைப் புதுப்பிக்க மனைவி நேரில் வரவேண்டும். கவுண்டரில் அதிகாரி அவளிடம் கேட்பார்: "இனி சுவாமி புவான்?" இவர் உங்கள் புருஷனா என்று. மலாயில் சுவாமி என்றால் புருஷன். முதல் வருடம் அது தெரியாமல், நம்மை இவ்வளவு பக்தியோடு விசாரிக்கிறார்களே என்று கவுண்டர் கண்ணாடி முன்னால் கைகூப்பினேன். சாந்தி அன்றைக்கும் சிரித்தாள்.

இந்த வருடம்தான் சிக்கல். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பசியாற தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் சட்னி கேட்டேன். திரும்பி, நான் கொரியன் பேசுகிற மாதிரி பார்த்தாள். மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு. நல்ல வேளை, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கை வந்தது, கால் வந்தது, அவள் பேச்சும் மெதுவாக வந்தது. அடுத்தவர் பேசுவது புரிவதுதான் திரும்பி வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த சீனப் பெண் எனக்கு மலாயில் விளக்கினாள். "அவங்க காது நல்லா இருக்கு. நீங்க சொல்ற சொல் எல்லாம் உள்ளே போகுது. ஆனா ஒன்னு எங்க முடியுது, அடுத்தது எப்ப வருதுன்னு பிடிபடல. அது தெரியிற மாதிரி பேசிப் பாருங்க."

நான் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சத்தமாகப் பேசினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மாக்சிக் ரோஸ்னா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, சண்டையா என்று கேட்டாள். பிறகு மெதுவாகப் பேசினேன். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, தட்டையாக. சாந்தி என் வாயையே பார்த்துவிட்டு, "ஹா? என்னாங்க?" என்றாள்.

எங்கள் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பா, நீங்க நார்மலா பேசினா டபுள் ஸ்பீடுல ஓடற வாய்ஸ் மெசேஜ். ஸ்லோவா பேசினா நெட்வொர்க் இல்லாத வாய்ஸ் மெசேஜ். ரெண்டுமே பாவம் லா அம்மா."

தமிழ் வகுப்பில் நாலு வரி எழுத மூக்கால் அழுகிற பிள்ளை. என்னைத் திட்டும்போது மட்டும் உவமை கொட்டுகிறது.

3

உடம்புக்கு நல்லது என்று சாந்தியைத் திடலுக்கு அனுப்பச் சொன்னதும் தர்ஷினிதான். செனாம்ரோபிக் என்று இங்கே சொல்வார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு, எதிரே நாற்பது பெண்கள், மலாய், தமிழ், சீனம் எல்லாம் கலந்து. முன்னால் குணா. "சாத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று ஒன்றிலிருந்து நாலு வரை எண்ணிக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைப்பான்.

முதல் வாரம் கூட்டிக்கொண்டு போய்விட்டு, திடல் ஓரத்தில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் குணா சாந்தியோடு திடலைச் சுற்றி நடந்து வந்தான். நடந்துகொண்டே என்னவோ சொன்னான். சாந்தி பதில் சொன்னாள். அவன் இன்னொன்று சொன்னான்.

சாந்தி சிரித்தாள்.

தேத்தண்ணி எனக்கு மூக்கில் ஏறியது.

நாலு மாதமாக நான் என்னென்ன ஜோக்கு சொல்லியிருப்பேன்! மன்னார்குடி சரக்கு, ரவாங் சரக்கு, தரம் குறைந்த சரக்கு, எல்லாம் இறக்கிப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் உதடு பிரியவில்லை. இவன் நடந்துகொண்டே ஒன்று சொன்னான், பல் தெரிகிறது.

"என்ன சொன்னான் அந்தக் குணா?" வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டேன்.

"ஹா?"

"குணா! என்ன சொன்னான்?"

"குணாவா? நல்ல பையன்" என்றாள், ஜன்னலைப் பார்த்து.

என் சந்தேகம் அன்றைக்குத்தான் முழு உருவம் எடுத்தது. அடுத்த சனிக்கிழமை தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நானே கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டேன். வேவு பார்க்க. எனக்குத் தாளம் என்பது பிறப்பிலேயே கிடையாது. எல்லாரும் வலது பக்கம் போனபோது நான் இடது பக்கம் போய் மாக்சிக் ரோஸ்னாவின் காலை மிதித்தேன். "அடே, கலியா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாற்பது பேரும் திரும்பினார்கள். வேஷம் அத்தோடு முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குணா ஒருபோதும் நின்று பேசுவதில்லை. தண்ணீர் குடிக்கும் இடைவேளையில்கூட, யாராவது ஏதாவது கேட்டால், இருந்த இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்வான். எடுத்துவைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சொல். "அக்கா, தண்ணி, குடிங்க, மூச்சு, வாங்குது." சாந்தியின் தோள் அவன் எட்டோடு சேர்ந்து லேசாக அசையும். அசைந்தால் புரியும். நின்று பேசினால் தொப்பை போட்டுவிடும் என்று பயந்து கால் மாற்றுகிறான், ஷோக்குப் பேர்வழி, என்று நினைத்துக்கொண்டேன். கண் பார்த்ததைப் புத்தி பார்க்கவில்லை. பொறாமை பிடித்தவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். அதுதான் கோளாறு.

4

பாஸ் முடிய மூன்று வாரம் இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கவுண்டரில் சாந்தி "ஹா?" என்று சொன்னால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் ஒருமுறை அவள் "இவரா? யாரு?" என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டால்? தனி விசாரணை என்பார்கள். இன்னொரு நாள் வா என்பார்கள். பாஸ் முடிந்துவிடும். நான் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நிற்பேன். சாந்தி ஈஜோக்கில் குணாவோடு திடலைச் சுற்றிக்கொண்டிருப்பாள். இந்தப் படத்தை நான் மனசுக்குள் ஓட்டாத நாள் கிடையாது. ஒருநாள் நிஜமாகவே பெட்டியை இறக்கி, கைலி இரண்டு எடுத்து வைத்துவிட்டேன். தர்ஷினி பார்த்துவிட்டு, "அப்பா, எங்க டூரா? எனக்கு சாக்லெட் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை குணாவிடம் போனேன்.

"குணா, பாஸ் புதுப்பிக்கணும். அதிகாரி கேக்கற கேள்வியை அக்காவுக்குப் புரியவைக்கணும். உனக்குத்தான் அவ பதில் சொல்றா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் பல் நறநறத்தது அவனுக்குக் கேட்டிருக்கும். கால் மாற்றிக்கொண்டே சிரித்தான். "செஞ்சிருவோம், அண்ணே. கவலை, படாதீங்க."

இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. அவர்கள் இருவரும் திடலைச் சுற்றி நடப்பார்கள். நான் கேள்வித்தாளோடு பெஞ்சில். அவர்கள் என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி காதில் விழும்.

"உங்க, புருஷன், பேரு, என்னா?"

"கலியமூர்த்தி."

பதினெட்டு வருடத்தில் என் பெயரை அவள் வாயால் முழுசாகக் கேட்டது அன்றுதான். என்னாங்க, இந்தாங்க, தர்ஷினி அப்பா, இதற்கு மேல் அவள் போனதில்லை. அந்தப் பெயரை முதல்முதலாகச் சொல்ல வைத்தவன் மஞ்சள் பனியன்காரன்.

அடுத்த சுற்றில் குணா கேட்டான், "அவரு, நல்லவரா, அக்கா?" இது தாளில் இல்லாத கேள்வி! நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் வளைவு திரும்பிவிட்டார்கள். அடுத்த சுற்று வரும்வரை, அந்த நானூறு மீட்டரும் நான் எப்படி நின்றேன் என்பதை விவரிக்கத் தெம்பில்லை.

5

வியாழக்கிழமை குணா லீவு போட்டுவிட்டு, அதே மஞ்சள் பனியனோடு அவனே காடி ஓட்டினான். பின்சீட்டில் சாந்தி தூங்கிவிட்டாள். நான் முன்சீட்டில், பாஸ் காகிதக் கோப்பினை மடியில் வைத்துக்கொண்டு.

ஒரு மணி நேரப் பயணம். அவன் வாயைத் திறக்கவில்லை. "லோரி லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினான். "பசியாறினியா?" தலையாட்டினான். திடலில் அவ்வளவு பேசுகிறவனுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்ததும் வாய் அடைத்துப் போயிற்று. குற்றமுள்ள மனசு, என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை என்று தீர்மானித்தேன். ஒரே ஒரு தடவை, வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டபோது, அது டிக், டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருக்கையில், "மழை, வரும், போல, அண்ணே" என்றான். சிக்னல் அணைந்தது. அவனும் அணைந்தான்.

அலுவலகத்தில் நம்பர் எடுத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். நல்ல கூட்டம். எங்கள் எண்ணுக்கு இன்னும் ஆறு பேர் என்றபோது, "குணா, அக்காகிட்ட ஒருதடவை கேட்டுப் பாரு" என்றேன்.

குணா சாந்தியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். "உ... உ... உ..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக்கிக்கொண்டான். "உ... உங்... பு... பு..."

சாந்தி "ஹா?" என்றாள்.

குணா சட்டென்று எழுந்து வரிசைகளுக்கு நடுவில் நடந்தான். நாலு எட்டு போய்த் திரும்பினான். "சின்னதுலேர்ந்து, இப்படித்தான், அண்ணே. உக்காந்தா, திக்கும். நடந்தா, வந்துரும். பள்ளிக்கூடத்துல, வாத்தியாரு, உக்காருன்னாலே, எனக்கு, அழுகை, வரும்." இன்னொரு நாலு எட்டு. "இங்க, நடக்கலாம்னு, நெனச்சேன்."

காவலர் வந்து, "டுடோக், டுடோக்" என்றார். உட்கார். குணா உட்கார்ந்தான். அந்த மஞ்சள் பனியனுக்குள் அவன் திடீரென்று சின்னதாகிவிட்டான். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆகா, தட்டை வயிறு இருந்தும் இவனுக்கு ஒரு குறை இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது முழுசாக வருவதற்குள் எங்கள் எண் வந்துவிட்டது.

கவுண்டருக்குக் கணவன் மனைவி மட்டும்தான் போகலாம். இரும்பு நாற்காலி இரண்டு, ஒரே சட்டத்தில் இணைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண் அதிகாரி, சின்ன மைக்கில் படபடவென்று கேட்டார். சாந்தி என்னைப் பார்த்தாள். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன், என் வழக்கமான வேகத்தில்.

"ஹா?"

 எழுந்து நடக்க முடியாது. தாளமும் எனக்குக் கிடையாது. அப்போது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், மேலராஜவீதியில் தையல் மெஷின் போட்டிருந்த என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அவர் மெஷினை மிதித்துக்கொண்டு பேசினால் வாசல்வரை எல்லாருக்கும் விளங்கும். மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினால் அம்மா உள்ளேயிருந்து "என்னது?" என்பாள். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அந்த மிதியைப் பார்த்தே வளர்ந்தவன். ஆடத் தெரியாது. மிதிக்கத் தெரியும்.

குதிகால், முன்கால், குதிகால், முன்கால். மிதிக்க ஆரம்பித்தேன். இணைத்த நாற்காலி ஆகையால் சாந்தியின் நாற்காலியும் சேர்ந்து குலுங்கியது. உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் அடித்து வளர்த்தாள். அடித்த இடமெல்லாம் ஒருதடவை சுரீர் என்றது. விடவில்லை.

"உங்க, புருஷன், பேரு, என்ன?"

சாந்தியின் தோள் அசைந்தது. "கலியமூர்த்தி" என்றாள்.

"என்சேக், கெனாப்பா காக்கி கோயாங்?" என்றார் அதிகாரி. ஐயா, கால் ஏன் ஆடுகிறது?

"மெசின் ஜாஹிட், புவான்" என்றேன். தையல் மெஷின், அம்மா. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துப் படித்தார். நிதானமாகப் படித்தார். நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.

அடுத்தது கல்யாணம் எங்கே நடந்தது என்று. நான் கேட்டேன், அவள் "மன்னார்குடி" என்றாள். அதிகாரி கையை உயர்த்தினார். நீங்கள் சொல்லாதீர்கள், இனி நானே கேட்கிறேன் என்றார். எனக்கு மூச்சு நின்றது. கால் மட்டும் நிற்கவில்லை. மேசையும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அதிகாரியின் கையில் இருந்த பேனா, அவருக்கே தெரியாமல், அதே மிதிக்கு மேசையில் தட்ட ஆரம்பித்தது. தட்டுக்கு ஒரு சொல்லாக மலாயில் கேட்டார்.

"சுவாமி, புவான், ஓராங், பாய்க்?" உங்கள் கணவர் நல்லவரா?

திடலில் குணா கேட்ட அதே கேள்வி.

சாந்தி என் பக்கம் திரும்பவில்லை. நேராக அதிகாரியைப் பார்த்து மலாயில் சொன்னாள்: "பாய்க். தாப்பி பான்யாக் சாக்காப்." நல்லவர். ஆனால் வாய் ஜாஸ்தி.

அதிகாரி சிரித்தார். முத்திரை விழுந்தது. ஒரு வருடம்.

6

குணா வெளியே நின்றுகொண்டிருந்தான். முத்திரையைக் காட்டி, சாந்தி சொன்ன பதிலையும் சொன்னேன். கால் மாற்றிக்கொண்டே, "அன்னிக்கும், இதையேதான், சொன்னாங்க, அண்ணே. வாய், ஜாஸ்தின்னு" என்றான். முதல் வாரம் திடலில் அவளைச் சிரிக்க வைத்த ஜோக்கு எது என்று இப்போதாவது கேட்டுவிடலாம் என்று கேட்டேன். நான் கடைசி வரிசைக்கு வந்து ஆடினால் எப்படி இருக்கும் என்று சொன்னானாம். அதற்குத்தானாம் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து நானே தொப்பியோடு வந்து நின்றபோது அவர்கள் இருவருக்கும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

கார் நிறுத்தம் கொஞ்சம் தள்ளி. குணா முன்னால் போனான். சாந்தியும் நானும் பின்னால் நடந்தோம். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவள் எட்டைப் பார்த்து என் எட்டை வைத்தேன். இரண்டுமுறை தப்பியது. மூன்றாவது முறை சேர்ந்தது. அப்போது, எட்டுக்கு ஒரு சொல்லாக, அவளுக்குப் பாயசம் மூக்கில் ஏறிய அதே பழைய ஜோக்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லி முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"புரியலையா?" என்றேன்.

"புரிஞ்சிச்சுங்க, எல்லாம் புரிஞ்சிச்சு" என்றாள். "ஜோக்குதான் நல்லால்ல லா."